நாலு விரற்கடை

டிஷ்ஷுக்குத் திசை தெரியாது. எனக்குத்தான் தெரியும்.
மார்ட்சானில் பதினோரு மாடிக் கட்டடங்கள்
ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்த பரீட்சைத் தாள்கள்.
தெற்குப் பார்த்த பால்கனி வாய்த்தவர் பாக்கியசாலி.
வடக்குப் பால்கனிக்காரர்
செய்தியைச் சுவர் வழியே
பக்கத்து வீட்டிலிருந்து கேட்டுக்கொள்வார்.

இருபத்திரண்டு வருஷமாய் இந்த வேலை.
ஏணி, ஸ்பானர்,
சிக்னல் கண்டால் கீச்சிடும் ஒரு சின்னப் பெட்டி.
கரகண்டாவில் கணக்கு வாத்தியாராய் இருந்தேன்.
எல்லைச் சோதனையில் எல்லாம் உதிர்ந்தபின்
கோணம் மட்டும் கையோடு வந்தது.

'டிவி வரணும்' என்று யாரும் கூப்பிட்டதில்லை.
'நம்ம ஆட்கள் வரணும், எவால்ட்' என்பார்கள்.
ஷெர்பன் வீட்டில் ஒரே ராத்திரியில் நாலு தரம் வருஷம் பிறக்கும்:
ஏழு மணிக்குக் கரகண்டாவில், எட்டுக்குச் செல்யாபின்ஸ்கில்,
பத்துக்கு மாஸ்கோவில்,
கடைசியாக, பாட்டில் காலியானபின்,
பெர்லினில்.

மளிகைக் கடையில் கருவாட்டுக்குப் பக்கத்தில்
இலவசப் பத்திரிகை அடுக்கியிருக்கும்.
கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார்கள்.
ருஷ்யன் பேசும் பல் டாக்டர். விவாகரத்து வக்கீல்.
ஓம்ஸ்க்குக்குப் பஸ், பெட்டி இரண்டு இலவசம்.
'வயது அறுபத்தொன்று, பல் எல்லாம் சொந்தம்,
சிறு தோட்டம் உண்டு, துணை தேவை.'
தலைப்புச் செய்தி மீனைச் சுற்றப் போய்விடும்.

ரிம்மா பிறந்தது கார்கிவ்.
வலேரியான் செல்யாபின்ஸ்க்.
பதினோராம் மாடி. ஒரே சோபா, ஒரே டிவி, ஒரே டிஷ்.
அந்த மார்ச்சில் ரிம்மா போன் செய்தாள்:
'மேற்கே கொஞ்சம் தள்ளி வைக்கணும்.
செவ்வாய்க்கிழமை வா. அவர் முதுகு வைத்தியத்துக்குப் போவார்.'
வியாழக்கிழமை அவர்:
'பழையபடி திருப்பு. அவள் சந்தைக்குப் போயிருக்கிறாள்.'

நாலு விரற்கடை, அவ்வளவுதான்.
அந்தப் பக்கம் வைத்தால் ஒரு ஊர் எரிகிறது.
இந்தப் பக்கம் வைத்தால் அதே ஊரில்
யாரும் எதையும் கொளுத்தவில்லை.
வானத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன,
ஒன்றையொன்று இடிக்காமல்.

ஒவ்வொரு தரமும் இருபது யூரோ.
ஏழாவது தரம் வாங்கக் கை கூசியது.
வாங்கினேன்.
என் மகள் கேட்டாள், ஜெர்மனில்:
'அப்பா, எது நிஜம் என்று உனக்குத் தெரியுமா?'
நான் எரிச்சலில் திட்டினேன், ருஷ்யனில்.
அவளுக்கு அந்த மொழியில் தெரிந்ததெல்லாம்
அப்படி வந்த வார்த்தைகள்தான்.

நவம்பரில் ஒரு காற்று.
ஒரே நிமிஷத்தில் இரண்டு பேரும் கூப்பிட்டார்கள்,
அவள் சமையலறையிலிருந்து, அவர் கழிப்பறையிலிருந்து.
போனேன்.
திருப்பித் திருப்பி மரை தேய்ந்த போல்ட்டில்
டிஷ் தலைகீழாய்த் தொங்கி
கீழே குழந்தைகளின் மணல்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிவியில் கேபிள் வழியாய் ஜெர்மன் சேனல்.
சத்தம் இல்லை.
சாம்பல் கோட்டுக்காரர் வானிலை சொல்கிறார்.
அவர் கை கிழக்கே நீண்டது, ஓடர் நதியைத் தாண்டியது,
போலந்தில் கொஞ்சம் நடந்தது,
அதற்குமேல் படம் இல்லை.

ரிம்மா எழுந்து போய்
டிவிக்கு வெளியே வால்பேப்பரில் விரல் வைத்தாள்.
'இங்கே கார்கிவ்.'
சோபாவை விட்டு எழாமல் வலேரியான் சொன்னார்:
'இன்னும் தள்ளு. அலமாரியைத் தாண்டணும்.
அதற்குப் பின்னால் என் தங்கச்சி.'

அவள் கை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை.
அலமாரியை நகர்த்தவா என்று கேட்டாள்.
வேண்டாம், கனம் என்றார்.

எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று நான் கேட்டது
யார் காதிலும் விழவில்லை, அல்லது விழுந்தது.
ஸ்பானர் என் உள்ளங்கையில் சூடேறிவிட்டிருந்தது.
திரையில் மேகமும் மூன்று கோடும் வரைந்திருந்தன;
சின்னப் பிள்ளைக்கும் புரியும்.
இருந்தாலும் சொன்னேன்: நாளைக்கு மழை.

இரண்டு பேரும் நம்பினார்கள்.